அரிக்காத கை

பிரண்டையில் ரத்தம் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு உப்பளத்துக் கொட்டகையில், என் வீட்டுக்காரர் உரித்துப் போட்டிருந்த பிரண்டைத் துண்டுகளில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்ததைப் பார்த்ததும், "மிளகா யாரு இதுல போட்டது?" என்றுதான் கேட்டேன்.

யாரும் போடவில்லை. மிளகாய் இன்னும் பொட்டலத்திலேயே இருந்தது.

பொங்கல் கழிந்த வாரம் அது. மழைக்காலம் முழுக்க மரக்காணத்து உப்பளம் ஏரி மாதிரிக் கிடக்கும். தை பிறந்ததும் தண்ணீரை வடித்து, சேற்றைக் காலால் மிதித்து இறுக்கி, பாத்தி கட்டி, உப்புத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். முதல் தண்ணீர் பாயும் அன்றைக்குக் கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, கொட்டகையில் எல்லோருக்கும் சோறு போடுவது வழக்கம். எங்கள் அளத்தில் அந்தச் சோற்றுக்குப் பிரண்டைத் துவையல் கட்டாயம். சீசன் முழுக்க முழங்கால் கடுக்க நிற்கப்போகிறவர்களுக்கு முதல் நாளே மருந்தைக் கொடுத்துவிடுவது என்று ஏற்பாடு.

துவையல் அரைப்பது நான். பிரண்டை உரிப்பது ஆண்கள். மற்ற ஊர்களில் இதைப் பெண்கள்தான் செய்கிறார்கள், கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு. பிரண்டைச் சாறு பட்டால் கை அப்படி அரிக்கும். எங்கள் அளத்து ஆண்களுக்கு எண்ணெய் கௌரவக் குறைச்சல். உப்பில் ஊறிக் காய்ப்புக் காய்ச்ச கையைப் பிரண்டை என்ன செய்துவிடும் என்று வட்டமாக உட்கார்ந்து வெறுங்கையால் உரிப்பார்கள். அரிக்கிறது என்று முதலில் எழுந்திருப்பவன் சோற்றுக் குண்டானைக் கழுவ வேண்டும். கடைசிவரைக்கும் உட்கார்ந்திருப்பவனுக்கு முதல் இலை.

சில வருடங்களாக முதல் இலை என் வீட்டுக்காரர் கோதண்டத்துக்குத்தான்.

அன்றைக்கு வந்திருந்த பிரண்டை முற்றல். வேலியில் மழை குடித்துக் கொழுத்துப்போயிருந்தது. அவரோடு ஒரே பாத்தியில் வேலை செய்யும் ஏழுமலைதான் முதலில் எழுந்தான். "யப்பா, இது பிரண்டையா பூனைக்காலியாடா?" என்று உப்புத் தண்ணீரில் கையை விட்டான். எரிச்சல் தாங்காமல் அடுத்த நிமிடம் அங்கேயே குதித்தான். ஒவ்வொருவராக எழுந்தார்கள். இவர் மட்டும் பேனாக்கத்தியால் கணுவை நறுக்கி, நாரை இழுத்து, துண்டைத் தட்டில் போட்டுக்கொண்டு, கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தட்டைப் பார்த்தேன். பிறகு அவர் இடது கையைப் பார்த்தேன்.

"ஏங்க, வெரல காட்டுங்க."

ஆள்காட்டி விரலில் கத்தி நன்றாக இறங்கியிருந்தது. அவர் விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அட, ஆமா" என்றார்.

கொட்டகையே கைதட்டியது. ஏழுமலை, "அண்ணனுக்கு வெட்டனாக்கூடத் தெரியாது, அரிப்பா தெரியும்?" என்று விசில் அடித்தான். முதல் இலையை அவருக்குப் போட்டு, அப்பளம் கூட ஒன்று சேர்த்து வைத்தார்கள்.

ரத்தம் பட்ட துண்டுகளைத் துவையலில் நான் சேர்க்கவில்லை. அன்றைக்குச் சாப்பிட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்கள் நிம்மதிக்காகச் சொல்லிவைக்கிறேன்.

வேலியில் ஒரு மருந்துக்கடை

என் வீட்டுக்காரருக்குப் பிரண்டை மேல் உள்ள நம்பிக்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குலதெய்வத்துக்குக்கூட வருடத்துக்கு ஒரு தரம்தான் போவார். பிரண்டைக்குத் தினமும்.

எங்கள் பக்கம் சீமைக்கருவேல வேலி எங்கே இருக்கிறதோ அங்கே பிரண்டை ஏறிக் கிடக்கும். யாரும் நட்டதில்லை, தண்ணீர் ஊற்றியதில்லை. நாலு பட்டையாக, கணுவுக்குக் கணு மடிந்து, இலை இருந்தும் இல்லாத மாதிரி இருக்கும். ஒரு துண்டை ஒடித்து எறிந்தால் எறிந்த இடத்தில் வேர் விடும். மரக்காணத்தில் குடியேறியவர்களில் இவ்வளவு சுலபமாக நிலம் கிடைத்தது இதற்குத்தான்.

வயிறு உப்புசமா, பிரண்டை. பசி எடுக்கவில்லையா, பிரண்டை வத்தல். மூலமா, பிரண்டையை நெய்யில் வதக்கி அரைத்து நெல்லிக்காய் அளவு. பெண்களுக்கு மாதம் வரும் வயிற்றுவலியா, அதற்கும் துவையல். எனக்கு ஒரு தடவை காது வலித்தபோது அவர் வேலிப்பக்கம் போவதைப் பார்த்துவிட்டு வலி நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

எலும்பு முறிவுக்குப் பிரண்டையைப் புளி, உப்போடு சேர்த்துக் காய்ச்சிப் பற்றுப் போடுவது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் அடித்து ஒரு ஆட்டுக்குக் கால் முறிந்தது. பக்கத்துத் தெரு ஆடு. இவர் தானாகவே போய்ப் பற்றுப் போட்டு, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி, தினமும் போய் விசாரித்துவிட்டு வந்தார். கால் கூடி ஆடு நன்றாக ஓடியது. ஓடுகிற ஆட்டுக்கு நல்ல விலை என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கறிக்கடைக்குக் கொடுத்துவிட்டார்கள். சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை.

பிரண்டை உப்பு எடுத்த கதை இன்னும் மோசம். பிரண்டையைக் காயவைத்து எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்து வெயிலில் வைத்தால் அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் உப்புப் பூக்கும். சித்த மருந்தில் சேர்ப்பார்களாம். யாரோ சொல்லக் கேட்டுவிட்டு வந்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் உப்பு குவிந்து கிடக்கிற ஊரில், உப்பு வாரிச் சம்பளம் வாங்குகிற மனிதர், ஒரு மண்தட்டை நடுவில் வைத்துக்கொண்டு காக்காய் ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திடீரென்று கோடை மழை பிடித்துக்கொண்டது. உப்பளத்தில் மழை என்றால் நெருப்புப் பிடித்த மாதிரிதான் ஓடுவார்கள். எல்லோரும் உப்புக் குவியலை மூடத் தார்ப்பாய் இழுத்துக்கொண்டிருக்க, இவர் சட்டைக்குள் தட்டை வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக ஓடினார். மேஸ்திரி அன்றைக்குப் பேசியதை வார இதழில் எழுத முடியாது.

உறை போட்ட தங்கச்சி

என் தங்கை விமலா ஆரோவில்லில் தோட்ட வேலைக்குப் போகிறாள். அங்கே பிரண்டையைத் தொட்டியில் வைத்து வளர்க்கிறார்களாம். இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் எழுந்துபோய் எங்கள் வேலியை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தார்.

அவள் ஒரு தடவை வந்தபோது பிரண்டை உரிக்க ரப்பர் கையுறை ஒரு ஜோடி கொண்டுவந்தாள். "மாமா, இத்த போட்டுக்கினு உரிச்சிங்கனா அரிக்காது" என்றாள்.

"எனுக்கு எப்பமா அரிச்சிது?" என்றார் இவர். "ரேஷன் கட வரைக்கும் கேட்டுப் பாரு. கோதண்டம் கைய பிரண்ட ஒண்ணும் பண்ணாது."

அது உண்மைதான். தெருவில் யார் வீட்டில் பிரண்டை வாங்கினாலும் உரிக்க எங்கள் வீட்டுக்குத்தான் வரும். மளிகைக்கடை பாய் வீட்டு மும்தாஜ் அக்கா, துபாயில் இருக்கிற மகனுக்கு வத்தல் போட்டு அனுப்புவதற்காக முறம் முறமாகக் கொடுத்துவிடுவார். "கோதண்டம் அண்ணன் உரிச்சாத்தான் சுத்தமா இருக்குது" என்பார். இவர் கூலி வாங்க மாட்டார். பேர் போதும் அவருக்கு.

கையுறையை நான் சாக்கடை அடைப்பு எடுக்க வைத்துக்கொண்டேன்.

துவையல் கேட்டவர்களுக்கு

பேருந்து நிலையத்துக்கு எதிரில் நான் இட்லிக்கடை போட்ட கதையை எழுதிய பிறகு, மற்றதையெல்லாம் விட்டுவிட்டுத் துவையல் செய்முறையைத்தான் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நான் பட்ட கஷ்டம் யாருக்கும் வேண்டாம் போலிருக்கிறது. சொல்கிறேன்.

நுனிக் கொழுந்தாகப் பறியுங்கள். விரலால் ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும். வளைந்தால் விட்டுவிடுங்கள், அது முற்றல். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு கணுவை நறுக்கித் தள்ளி, நாலு ஓரத்து நாரையும் இழுத்துவிடுங்கள். நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றி, பச்சை நிறம் போய்ப் பழுப்பாகும்வரை வதக்குங்கள். இதில் அவசரப்பட்டால் தொண்டை அரிக்கும், அப்புறம் என்னைத் திட்டாதீர்கள். உளுந்து, காய்ந்த மிளகாய், பூண்டு வறுத்து, புளி கொஞ்சம் கூடவே வைத்து அரையுங்கள். புளிதான் அரிப்பை அடக்கும். தேங்காய் சேர்ப்பவர்கள் சேர்க்கலாம், நான் சேர்ப்பதில்லை. சுடுசோற்றில் போட்டுப் பிசைந்தால் குழம்பு தேட மாட்டீர்கள்.

கடையில் வியாழக்கிழமைகளில் மட்டும் இந்தத் துவையல் உண்டு. பாண்டிச்சேரிக்கு வேலைக்குப் போகும் பையன்கள் அதற்காகவே முந்தின பஸ்ஸை விட்டுவிடுவார்கள்.

ஏழுமலை கடைக்கு வந்தான்

அந்த முதல் தண்ணீர் நாளுக்கு மறுநாள் ஏழுமலை கடைக்கு வந்தான். இட்லியைப் பிய்க்காமல் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். விரல் இடுக்கெல்லாம் சிவந்து தடித்திருந்தது.

"இன்னாடா, ராத்திரிகூட அரிச்சிதா?"

"ஆமாக்கா." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "அக்கா, ஒண்ணு சொல்றேன், அண்ணங்கிட்ட சொல்லாத. நாங்க எல்லாருமே வீட்லயே எண்ண தடவிக்கினுதான் வருவோம்."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான். ஒருத்தனுக்கு ஒருத்தன் தெரியாத மாரி. எண்ண தடவியே இந்தக் கதி. அண்ணன் ஒருத்தர்தான் வெறும் கையோட உக்கார்றாரு." இட்லியை ஓரமாகத் தள்ளினான். "எங்க கையும் அவுரு கையும் ஒரே உப்புலதான ஊறுது? எங்களுக்கு அரிக்கிது. கத்தி பட்டா வலிக்கிது. அவுருக்கு ஏன்க்கா எதுவுமே தெரிய மாட்டேங்குது?"

அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் கடைக்கு உள்ளே இட்லிக் குண்டானைத் திறந்து, கொதிக்கிற தட்டைத் துணி இல்லாமல் எடுத்துக்கொண்டிருந்தார். தினமும் அப்படித்தான் எடுப்பார். வாடிக்கைக்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். என் புருஷன் கை இரும்பு என்று நானும் பெருமையாகச் சொல்வேன்.

அன்றைக்குப் பெருமை வரவில்லை. தட்டைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு, "போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்றேன். தட்டு என் விரலைச் சுட்டது.

சக்கரை

அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது தனிக்கதை. உடம்புக்கு ஒன்றும் இல்லாத மனிதன் எதற்கு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்பது அவர் வாதம். எனக்குத் தலைசுற்றல், துணைக்கு வாருங்கள் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். போனதும் சீட்டில் அவர் பெயரை எழுதச் சொன்னேன்.

நர்ஸ் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டார். தொடும்போது சொல்லுங்கள் என்றார். தொட்டார். இவர் பேசாமல் இருந்தார். வேறொரு இடத்தில் தொட்டார். இவர் பேசாமலே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார்.

நர்ஸ் என்னைப் பார்த்தார்.

சர்க்கரை எக்கச்சக்கம். ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது, கை கால் நரம்பெல்லாம் செத்துக்கொண்டு வந்திருக்கிறது என்றார் டாக்டர். காலில் புண் வந்தாலும் தெரியாது, தெரியாமல் விட்டால் அழுகும், அழுகினால் எடுக்க வேண்டியிருக்கும் என்றார். இனிமேல் வெறுங்காலோடு ஒரு அடி வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீரில் இறங்கவே கூடாது.

"டாக்டர், பிரண்ட துன்னலாமா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். கேட்டது அது ஒன்றைத்தான்.

"தாராளமா சாப்பிடுங்க. மாத்திரையையும் சாப்பிடுங்க" என்றார் டாக்டர்.

முதல் வாக்கியம் மட்டும் அவர் காதில் விழுந்தது.

பாத்தி மிதிக்கிறவன்

செருப்பு போட்டுக்கொள்ளச் சொன்னால் என்ன பெரிய விஷயம் என்று நீங்கள் நினைக்கலாம். உப்பளத்தில் அது வேலையை விடச் சொல்வதற்குச் சமம். பாத்தித் தரையை வெறுங்காலால்தான் மிதிக்க வேண்டும். பூட்ஸ் போட்டு மிதித்தால் பள்ளம் பள்ளமாகி, அந்தப் பாத்தியில் உப்பும் மண்ணும் சேர்ந்துதான் வரும். மிதிப்பில் இவர் கெட்டிக்காரர். இவர் மிதித்த தரையில் வாரின உப்பு வெள்ளையாக வரும் என்று முதலாளியே வந்து நின்று பார்ப்பார்.

"நான் போவேன். நீ இன்னா பண்ணுவ?" என்றார்.

"போங்க. திரும்பி வர்றப்ப ரெண்டு காலும் வந்துதான்னு எண்ணிக்கினு வாங்க" என்றேன்.

ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாவது நாள் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நரம்பு செத்துப்போயிருந்தால் பிரண்டை எழுப்பிவிடும். எலும்பையே கூட்டுகிற கொடிக்கு நரம்பு எம்மாத்திரம்?

அதன் பிறகு எங்கள் வீட்டில் பிரண்டை சமைத்த விதங்களை என்னால் மறக்க முடியாது. காலையில் பிரண்டைச் சாறு. இட்லிக்குப் பிரண்டைப் பொடி. மதியம் பிரண்டைக் காரக்குழம்பு. மோரில் ஊறவைத்த பிரண்டை வத்தல் பொரித்துத் தொட்டுக்கொள்ள. ராத்திரி தோசைமாவில் அரைத்துக் கலந்தார். மாத்திரையை நான் எதிரில் நின்று விழுங்கவைத்தேன். அதையும் பிரண்டை ரசத்தோடுதான் விழுங்கினார். எங்கள் தெரு வேலி அந்த வருடம்தான் முதல்முறையாக மொட்டையாக நின்றது.

பங்குனி வெயில் ஏறியது. பாத்திகளில் உப்பு பூக்க ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் மதியம் முறத்தில் பிரண்டையோடு வந்து உட்கார்ந்தார். உரிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் துள்ளி எழுந்தார்.

"அஞ்சல! அரிக்கிதுடி!"

எனக்குச் சந்தோஷத்தில் கையில் இருந்த கரண்டி நழுவியது. "நெஜமாவா?"

"சத்தியமா. இங்க பாரு, இந்த இடுக்குல, சுருசுருன்னு. நான் சொன்னன்ல? நாளைக்கி அளத்துக்குப் போறேன்."

அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை. முகத்தைப் பார்த்தேன். அதில் சிரிப்பு கொஞ்சம் அதிகமாக இருந்தது. கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த முகத்தைப் பார்க்கிறேன்.

"நல்லது. கண்ண மூடிக்கினு கைய நீட்டுங்க. எந்த வெரலு தேறியிருக்குதுன்னு பாத்துடலாம்" என்றேன்.

துண்டால் கண்ணைக் கட்டிவிட்டேன். கொல்லைப்பக்கம் போய், கிணற்று மேட்டில் படர்ந்திருந்த கோவைக்கொடியில் ஒரு முழம் அறுத்துவந்தேன். கோவைக்கொடி இதுவரை யாரையும் அரித்ததாகப் புகார் இல்லை. பிரண்டை தடித்து நாலு பட்டையாக இருக்கும், இது மெல்லிய கயிறு. கண்ணைக் கட்டிக்கொண்டு தொட்டாலும் சின்னப் பிள்ளை சொல்லிவிடும்.

அதைக் கசக்கி அவர் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன்.

"அய்யோ!" என்று கையை உதறினார். "அரிக்கிதுடி, நல்லா அரிக்கிது, போதும் எடு!" என்று சொறியத் தொடங்கினார்.

நான் துண்டை அவிழ்த்துவிட்டேன். கீழே கிடந்த கோவைக்கொடியைப் பார்த்தார். சொறிந்துகொண்டிருந்த கை கொஞ்ச நேரம் தானாகச் சொறிந்துவிட்டு நின்றது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏமாற்றப் பார்த்தாரே என்று கோபமில்லை. கையில் இருப்பது என்ன கொடி என்றே அவருக்குத் தெரியவில்லை. பிரண்டையை அவரைவிட அதிகமாகத் தொட்ட மனிதர் எங்கள் ஊரில் கிடையாது. கையில் உணர்ச்சி அவ்வளவு போய்விட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் சொன்னது

அழுது முடித்த பிறகு, "எப்பத்திலிருந்துங்க?" என்று கேட்டேன்.

துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார். "தெரியல. ரெண்டு மூணு சீசன் இருக்கும். காலு மொதல்ல போச்சி. பாத்தில எறங்குனா தண்ணி சுடுதா இல்லியான்னு தெரியாது."

"அப்புறம் எப்டி வேல செஞ்சீங்க?"

"ஏழுமல மூஞ்சியப் பார்ப்பேன். அவன் மூஞ்சி சுருங்குச்சினா சுடுதுன்னு அர்த்தம். நானும் 'ஸ்ஸ், சுடுதுடா'ன்னுவேன்."

பிரண்டை உரிக்கிற போட்டியில்தான் அவருக்கு அந்தத் தொல்லை இல்லை. அங்கே ஒன்றும் தெரியாமல் இருப்பவனுக்குத்தான் முதல் இலை. வருடத்தில் அந்த ஒரு நாள் நடிக்காமல் உட்கார்ந்திருக்கலாம், அதற்காகவே காத்திருப்பேன் என்றார். சொல்லும்போது சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் நானே போய் மேஸ்திரியிடம் பேசினேன். பாத்தியில் இறங்காத வேலையாக, லாரிக்கு எடை போடுகிற இடத்தில் நிற்கவைத்தார்கள். ஆரோவில்லில் யாரோ கழித்துக் கட்டிய ஷூ ஒன்றை விமலா கொண்டுவந்து கொடுத்தாள். கனமான தோல் ஷூ. அதைப் போட்டுக்கொண்டு அவர் வரப்பில் நடந்து வந்த முதல் நாள், ஏழுமலை எழுந்து நின்று சல்யூட் அடித்தான். இவர் திட்டினார். ஆனால் ஷூவைக் கழற்றவில்லை.

சாயங்காலம்

அதிலிருந்து தினமும் சாயங்காலம், கடைக்கு மாவு அரைத்து வைத்த பிறகு, அவர் காலை என் மடியில் வைத்துப் பார்ப்பது எனக்கு வேலை. உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்கு எல்லாம் பார்க்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். நான் காலைப் பார்ப்பேன். அவர் என் முகத்தைப் பார்ப்பார். ஏழுமலை முகத்தில் வெந்நீரைப் பார்த்த அதே பார்வை.

அது தெரிந்த நாளிலிருந்து முகத்தை அசையாமல் வைத்துக்கொள்ளப் பழகினேன். வெடிப்பு இருந்தால் எண்ணெய் வைப்பேன். கொப்புளம் மாதிரி இருந்தால் துடைத்துவிட்டு மருந்து வைப்பேன். முகத்தில் மட்டும் ஒன்றும் இருக்காது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்று காலை எடுத்துக்கொள்வார்.

போன ஐப்பசியில் ஒரு நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். கால் பிழைத்தது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், கடிதம் எழுதி விசாரிக்க வேண்டாம்.

மழைக்காக அளத்தை மூடிவிட்டார்கள். இவர் வீட்டில் சும்மா இருக்க முடியாமல், ஷூ நனைந்துவிட்டது என்று ரெண்டு மூன்று நாளாகப் பழைய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலிப்பக்கம் போய்வந்திருக்கிறார். சாயங்காலம் காலை எடுத்து மடியில் வைத்தேன். குதிகாலில் சீமைக்கருவேல முள். செருப்பைத் துளைத்து உள்ளே ஏறி, அங்கேயே முறிந்திருந்தது. எத்தனை நாளாக இருந்ததோ, முந்தின நாள் சரியாகப் பார்க்காமல் விட்டேனோ, சுற்றிலும் கருத்து, அழுத்தினால் சீழ் வந்தது. ஒரு விரல் அகலத்துக்கு வீங்கியிருந்தது. அவருக்கு அது தெரியவே தெரியாது. வேலிப்பக்கம் போனபோது பார்த்த கீரிப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் முகத்தை அசைக்கவில்லை. உண்மையாகவே அசைக்கவில்லை. மூச்சுக்கூட மாறவில்லை என்று நினைக்கிறேன்.

"இன்னா?" என்றார்.

"ஒண்ணுமில்ல. சின்ன முள்ளு." குரல் சரியாகத்தான் வந்தது. உள்ளே, காலை எடுத்துவிடுவார்களோ, இந்த மனிதர் ஒற்றைக் காலோடு என்ன செய்வார் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி என்று சொன்னால் வர மாட்டார். மல்லுக்கட்டுவார், ராத்திரி போய்விடும், விடிவதற்குள் என்ன ஆகுமோ. என்ன சொல்வது என்று தெரியாமல், இத்தனை நாளும் நான் கேலி பேசிய அதே வார்த்தை என் வாயில் வந்தது.

"கொஞ்சம் பிரண்ட அரைச்சி வெச்சிக் கட்டட்டுமாங்க?"

அவர் காலை மெதுவாக என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார். என் முகத்தை இன்னும் ஒரு தடவை பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"பிரண்ட வேணாம்" என்றார். "நீயே அத்த சொல்றன்னா, பெருசாத்தான் இருக்கும். எழுந்திரு அஞ்சல, டாக்டர் கெளம்பறதுக்குள்ள போயிடலாம்."